டீசலில் தண்ணீர்: வடிப்பதா, சுற்றுவதா, சலிப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

கப்பலின் எஞ்சின் ரூம், ராத்திரி எட்டு–பன்னிரண்டு வாட்ச் (பணிமுறை). டீசலை நிற்க வைத்துத் தெளிய விடும் செட்லிங் டேங்கின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறக்கிறீர்கள். ஸ்பிரிங் வைத்த வால்வு, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். அதனால் குனிந்தபடி பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். டார்ச்சை அடித்துப் பார்த்தால் புனலுக்குள் விழுவது டீசல் இல்லை. டீசல் நூல் பிடித்தாற்போல் சத்தமில்லாமல் இறங்கும். இது சளசளவென்று சிதறுகிறது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நிற்கவில்லை. இடுப்பு வலிக்கிறது.

இந்த இடத்திலிருந்துதான் இளம் எஞ்சினியர்களின் கேள்விகள் எனக்கு வருகின்றன. "வடித்துக்கொண்டே இருக்கலாமா? பியூரிஃபையர் ஓட்டினால் போதுமா? ஃபில்டர் மாட்டலாமா? இல்லை, பங்கர் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுக்கணுமா?" (பங்கர் என்றால் கப்பலுக்கு வாங்கும் எரிபொருள்; பியூரிஃபையர் என்றால் எண்ணெயைக் கிண்ணத்தில் சுற்றித் தண்ணீரைப் பிரிக்கும் மெஷின்.) நான்குமே சரியான வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சமயம் உண்டு. கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீரை.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி: தண்ணீர் எந்த வடிவில் இருக்கிறது? டீசலுக்குள் மூன்று விதமாக இருக்கும். தனியாகப் பிரிந்து அடியில் கிடப்பது ஒன்று. பொடிப்பொடித் துளிகளாகக் கலந்து மோர் மாதிரிக் கலங்கி நிற்பது இரண்டு. கரைந்து கண்ணுக்கே தெரியாமல் இருப்பது மூன்று. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தால் முதல் இரண்டும் தெரிந்துவிடும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதற்குள் தெளிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இரண்டாவது: உப்பா, நன்னீரா? அநேகமாக எல்லாக் கப்பலிலும் பாய்லர் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி இருக்கும். அதில் உள்ள குளோரைடு சோதனையை வடித்த தண்ணீருக்கும் செய்து பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை, பதில் விலைமதிப்பில்லாதது. உப்பு என்றால் மேல்தளத்து ஏர் வென்ட் (டேங்க் மூச்சு விடும் குழாய்), கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் பக்கத்து பல்லாஸ்ட் டேங்கோடு சேர்ந்த சுவரில் விரிசல், அல்லது எரிபொருள் கொண்டு வந்த பங்கர் பார்ஜ் மேல் சந்தேகம் போக வேண்டும். நன்னீர் என்றால் மழை, காற்று ஈரம், சூடாக்கும் சுருள்குழாயில் ஓட்டை, அல்லது (இதை யாரும் முதலில் நினைப்பதில்லை) பியூரிஃபையரே. அதன் கிண்ணத்தைத் திறந்து மூடப் பயன்படும் தண்ணீர் ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய்ப் பக்கம் வரும். தண்ணீர் எடுக்க வைத்த மெஷின் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது: கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? 1998 ஜூலைக்குப் பிறகு கட்டிய கப்பல்களில் ஒவ்வொரு வகை எரிபொருளுக்கும், எஞ்சினுக்கு நேராகக் கொடுக்கும் சர்வீஸ் டேங்க் இரண்டு இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 8 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது கடல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தமான சோலாஸின் விதி. சுத்தமான சர்வீஸ் டேங்க் ஒன்று நிறைய இருந்தால் உங்களுக்கு யோசிக்க நேரம் உண்டு.

நான்காவது, எடுத்த தண்ணீர் எங்கே போகும்? எண்ணெய் கலந்த தண்ணீரைக் கடலில் கொட்ட முடியாது. கழிவெண்ணெய் சேரும் ஸ்லட்ஜ் டேங்கில் இடம் வேண்டும், ஆயில் ரெக்கார்ட் புக்கில் கணக்கு வேண்டும், துறைமுகத்தில் இறக்கக் காசு வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள், மாட்டிக்கொள்ளும் பொறிகள் எல்லாம் அங்கேதான்.

| வழி | எந்தத் தண்ணீருக்கு | நேரம் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| வடிப்பது | பிரிந்து கிடப்பது | சில மணி முதல் பல நாள் | ஆள் நேரம், கூடவே போகும் டீசல் |
| சுற்றுவது (பியூரிஃபையர்) | பிரிந்தது, பொடித் துளிகள் | உடனே, ஆனால் மெதுவாக | உதிரி பாகம், ஸ்லட்ஜ், தவறான டிஸ்க் |
| சலிப்பது (ஃபில்டர்) | மிச்சம் மீதி | உடனே | எலிமென்ட், கிண்ணம் காலி செய்ய ஆள் |
| திருப்பிக் கொடுப்பது | வாங்கும்போதே கலந்தது | நாட்கள் | கப்பல் நிற்கும் செலவு, அனுமதிகள் |

## வடிப்பது

காசே ஆகாத வழி. அதனாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் டீசலின் அடர்த்திக்கும் கடல்நீரின் அடர்த்திக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. டீசல் கன மீட்டருக்கு 850 கிலோவை ஒட்டி, கடல்நீர் 1,025. விட்டுவைத்தால் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு வேகமாக என்பதுதான் விஷயம்.

ஸ்டோக்ஸ் விதிப்படி துளி இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எஞ்சின் ரூம் வெப்பத்தில், பாகுநிலை 3.5 சென்டிஸ்டோக்ஸ் உள்ள டீசலில் 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) துளி மணிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துளி? மணிக்கு 1 சென்டிமீட்டர்தான். டேங்க் 3 மீட்டர் உயரம் என்றால் பெரிய துளிகள் 3 மணி நேரத்தில் அடியில் இருக்கும், சின்னவை வந்து சேர 12 நாள் ஆகும். அதுவும் கப்பல் ஆடாமல் நின்றால். எனவே பாட்டிலில் அரை மணி நேரத்தில் தெளியாத டீசலை டேங்கில் வைத்துக் காத்திருப்பது வீண்.

துளியைச் சின்னதாக்குவதே பல சமயம் நாம்தான். கியர் பம்ப் வைத்து ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பல் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் குழைத்துவிடும். பிரிந்து கிடந்த தண்ணீர் மோராகிவிடும். ஸ்டோரேஜ் டேங்க் அடியில் தண்ணீர் இருப்பது தெரிந்தால் மாற்றுவதற்கு முன் எடுங்கள், மாற்றிய பிறகு அல்ல.

இன்னொரு பொறி, டிரிம், அதாவது கப்பல் முன்னாலோ பின்னாலோ தாழ்ந்து நிற்பது. இதில் நானே விழுந்திருக்கிறேன். நான் ஃபோர்த் எஞ்சினியராக இருந்த ஒரு பல்க் கேரியர், துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது முன்பக்கம் தாழ்ந்து நின்றது. ஆழம் அளக்கும் சவுண்டிங் நாடாவின் குண்டில் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டைத் தடவி, கப்பலின் அடித்தட்டில் உள்ள டபுள் பாட்டம் டேங்கில் விட்டேன். பேஸ்ட் பொன்பழுப்பு நிறத்திலேயே இருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் ரத்தச் சிவப்பாகும். "சுத்தம்" என்று எழுதிவிட்டேன். சவுண்டிங் குழாய் டேங்கின் பின்முனையில் இருந்தது. தண்ணீர் முன்முனையில் போய்ப் படுத்திருந்தது. புறப்படும்போது பல்லாஸ்ட் எடுத்து பின்பக்கம் தாழ்த்தினார்கள். தண்ணீர் மொத்தமும் பின்னால் நகர்ந்து நேராக சக்ஷன் வாய்க்கு வந்தது. டிரான்ஸ்ஃபர் பம்ப் அதை எடுத்து செட்லிங் டேங்குக்கு அனுப்பியது. அன்று ராத்திரிதான் நான் முதலில் சொன்ன அந்த சளசளச் சத்தம். இந்தியக் கப்பல்களில் ஃபோர்த்தை "சார் சாப்" என்பார்கள். "சார்" என்றால் இந்தியில் நாலு. புதிதாக வரும் தமிழ்ப் பையன்களுக்கு இரட்டை மரியாதை மாதிரிக் கேட்கும். அன்று பொழுது விடிவதற்குள் செகண்ட் எஞ்சினியர் என்னை எத்தனை முறை "சார் சாப்" என்று கூப்பிட்டார், அதில் மரியாதை எவ்வளவு இருந்தது என்பதை விட்டுவிடுகிறேன்.

வடிப்பதே போதும் என்பது எப்போது? பாட்டில் சீக்கிரம் தெளிகிறது, இரண்டாவது சர்வீஸ் டேங்க் சுத்தமாக இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அப்படியும் அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறக்காதீர்கள். வேகமாக வடித்தால் நடுவில் சுழி விழுந்து டீசலும் சேர்ந்து இறங்கும்; பத்து லிட்டர் தண்ணீருக்கு இருபது லிட்டர் டீசல் ஸ்லட்ஜுக்குப் போகும்.

## சுற்றுவது

கப்பலில் தண்ணீருக்கு எதிரான முதன்மை ஆயுதம் பியூரிஃபையர்தான். 1878-இல் ஸ்வீடனில் குஸ்டாஃப் டி லாவல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் செய்த மெஷினின் பேரப்பிள்ளை இது. உள்ளே கிண்ணம் சுற்றும்போது புவியீர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு விசை உண்டாகும். 5,000 மடங்கு என்று வைத்துக்கொண்டால், டேங்கில் மணிக்கு 1 சென்டிமீட்டர் இறங்கிய அதே 10 மைக்ரான் துளி இங்கே மணிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடும். கிண்ணத்துக்குள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே இருப்பதோ சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி. 12 நாள் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் ஏன் பியூரிஃபையர் ஓடியும் சர்வீஸ் டேங்கில் தண்ணீர் வருகிறது? நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்.

ஒன்று, கிராவிட்டி டிஸ்க். பழைய வகை மெஷின்களில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள எல்லை எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்த வளையத்தின் துளை விட்டம்தான் தீர்மானிக்கிறது. கனமான எண்ணெய்க்குச் சின்னத் துளை, லேசான எண்ணெய்க்குப் பெரிய துளை. 2015-இல் வட ஐரோப்பா, வட அமெரிக்கக் கட்டுப்பாட்டுக் கடல்களில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 0.10 சதவீதமானது, 2020-இல் உலகம் முழுக்க 0.50 ஆனது. அதனால், கனமான ஃபர்னஸ் ஆயில் ஓட்டிய மெஷின்களில் பலர் டீசலை ஓட்ட ஆரம்பித்தார்கள், டிஸ்க்கை மாற்றாமலே. 991 அடர்த்திக்குப் போட்ட சின்ன டிஸ்க்கோடு 850 அடர்த்தி டீசலை ஓட்டினால் எல்லை உள்பக்கம் நகர்ந்து தட்டுகளுக்கு நடுவே வந்துவிடும். அலாரம் எதுவும் அடிக்காது. எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். தண்ணீர் மட்டும் டீசலோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க் போட்டால் தவறு உடனே தெரியும்: எண்ணெயைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வளையமான வாட்டர் சீல் உடைந்து எண்ணெய் தண்ணீர்ப் பக்கம் கொட்டும், அலாரம் அலறும். அதற்குப் பயந்துதான் எல்லாரும் சின்ன டிஸ்க்கை விட்டுவைக்கிறார்கள். கையேடு சொல்வது இதற்கு நேரெதிர்: சீல் உடையாத அளவில் எது பெரியதோ அதைப் போடு. டிஸ்க்கே இல்லாமல் தண்ணீரை உணர்ந்து தானே வெளியேற்றும் புதிய வகை இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டு, வேகம். மெஷின் மணிக்கு 3,000 லிட்டர் தாங்கும் என்பதற்காக 3,000 லிட்டர் விட வேண்டியதில்லை. கடலில் ஒரு ஜெனரேட்டர் மட்டும் டீசலில் ஓடினால் மணிக்கு 150 லிட்டர் போதும். எஞ்சின் குடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். மெதுவாகப் போனால் துளிக்குப் பிரிய நேரம் கிடைக்கும். மிஞ்சியது சர்வீஸ் டேங்கிலிருந்து வழிந்து செட்லிங்குக்கே திரும்பும், மறுபடி ஒரு சுற்று வரும்.

மூன்று, வெப்பம். 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பிரிப்பது எளிது. ஃபர்னஸ் ஆயில் பழக்கத்தில் 98 டிகிரிக்கு விட்டுவிடாதீர்கள். டீசலின் ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) வரம்பே 60 டிகிரிதான். சூடான டீசல் நீர்த்துப்போய் ஃபியூயல் பம்ப்புகளின் பிளஞ்சர் தண்டை இறுகிச் சிக்கவும் வைக்கும்.

பியூரிஃபையரால் முடியாதது கரைந்த தண்ணீரை எடுப்பது. சாதாரண டீசலில் அது பத்து லட்சத்தில் 50 பங்கு என்று வைத்தால், 100 டன்னுக்கு 5 கிலோ. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். பயோடீசல் கலந்தால் கதை வேறு. அது சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கரைத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடு குறைந்ததும் கக்கும். கப்பல் எரிபொருளுக்கான தரவிதியான ஐஎஸ்ஓ 8217-இன் 2017 பதிப்பு சில வகைகளில் 7 சதவீதம் வரை பயோடீசலை அனுமதித்தது. 2024 பதிப்பு 100 சதவீதம் வரை போய்விட்டது. பங்கர் டெலிவரி நோட்டில் எந்த வகை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

## சலிப்பது

கோயலசர் ஃபில்டர் என்பது ஒரு நார்மெத்தை. டீசல் அதன் வழியாகப் போகும்போது பொடித் துளிகள் நாரில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கீழே உள்ள கிண்ணத்தில் விழும். சுற்றும் பாகம் இல்லை, கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. இழுவைப் படகு, விசைப்படகு, யாட் எல்லாவற்றிலும் இதுதான். தெளிந்த கிண்ணம் வைத்த ரேக்கார் ஃபில்டரைப் பார்க்காத படகு மெக்கானிக் இருக்க மாட்டார். அதில் 500 மாடல் மணிக்கு 227 லிட்டரும், 1000 மாடல் 681 லிட்டரும் தாங்கும். எலிமென்ட் 2, 10, 30 மைக்ரான் என்று மூன்று விதம். சப்ளைப் பக்கம் நேராக 2 மைக்ரானைப் போட்டால் "இதுதான் சுத்தமாக்கும்" என்று தோன்றும். நடுக்கடலில் அடைத்துக்கொள்ளும்போதுதான் தெரியும். டேங்கிலிருந்து வரும் முதல் ஃபில்டருக்கு 10 அல்லது 30, எஞ்சின் பக்கம் உள்ளதற்குப் பொடியானது என்று வைப்பதே என் பழக்கம்.

இதன் பலவீனம், மொத்தமாக வரும் தண்ணீர். கிண்ணம் கால் லிட்டரோ அரை லிட்டரோதான் பிடிக்கும். நிரம்பிய பிறகு வருவதெல்லாம் நேரே எஞ்சினுக்கு. பயோடீசலும் சோப்புத்தன்மை கொண்ட சில சேர்மானங்களும் நாரைப் பூசிவிட்டால் துளிகள் சேராமல் நழுவிப் போகும். ஃபில்டர் புதிதாக இருக்கும், தண்ணீரும் போய்க்கொண்டிருக்கும். அதனால் பெரிய கப்பலில் பியூரிஃபையருக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள், அதற்குப் பின்னால் காவலாக வையுங்கள்.

பெரிய கப்பலில் இரண்டே இடங்களில் மட்டும் ஃபில்டர்தான் முதல் தேர்வு. எமர்ஜென்சி ஜெனரேட்டர், லைஃப்போட் எஞ்சின். சரக்குக் கப்பலின் எமர்ஜென்சி ஜெனரேட்டருக்கு 18 மணி நேர டீசலும், லைஃப்போட்டுக்கு மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் 24 மணி நேரம் ஓடும் அளவும் இருக்க வேண்டும். அந்த டீசல் அங்கே மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் கிடக்கும். மேல்தளத்தில் பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து மூச்சு விடும் டேங்க். பியூரிஃபையர் குழாய் அங்கே போவதில்லை. வாரம் ஒரு முறை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பதில் டேங்கின் அடித் தண்ணீர் வெளியே தெரியவே தெரியாது.

## நடுவில் ஒரு வார்த்தை: மருந்து ஊற்றலாமா?

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில்தான் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகள் வளரும். ஃபில்டரைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் ஈரப் பஞ்சு மாதிரி வரும். அதற்குக் கொல்லி மருந்து உண்டு. ஆனால் மருந்து தண்ணீரை எடுக்காது. செத்த பூஞ்சையும் எங்கும் போகாது, ஃபில்டரைத்தான் தேடி வரும். தண்ணீரை எடுத்த பிறகு, டப்பாவில் எழுதிய அளவில் ஊற்றுங்கள். 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு ஏர்பஸ் ஏ321-இன் இரண்டு எஞ்சின்களும் மேலேறும்போதே திணறின. பராமரிப்பில் ஊற்றிய கொல்லி மருந்து சொன்ன அளவைப் போல ஏறத்தாழ 38 மடங்கு. தண்ணீரை டீசலுக்குள்ளேயே கரைத்துவிடும் சேர்மானங்களும் விற்கிறார்கள். பத்து லிட்டர் தண்ணீரை இன்ஜெக்டர் வழியாகவே அனுப்புங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நான் தொட மாட்டேன்.

## திருப்பிக் கொடுப்பது

வாங்கிய டீசலே தண்ணீராக இருந்தால்? அதே ஐஎஸ்ஓ தரவிதிப்படி டிஎம்ஏ வகை டீசல் கண்ணுக்குத் தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்க வேண்டும். டிஎம்பி வகைக்கு 0.30 சதவீதம் வரை தண்ணீர் இருக்கச் சலுகை. 300 டன்னில் 0.30 சதவீதம் என்றால் 900 கிலோ, விதிக்கு உட்பட்டே. 1 சதவீதம் என்றால் 3 டன் தண்ணீரை டீசல் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் 2017-இலிருந்து ஃபர்னஸ் ஆயிலுக்கும், 2019 ஜூலையிலிருந்து டீசலுக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். அளவில் ஏமாற்றுவது குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் மீட்டர் எடையை எண்ணுகிறது, தண்ணீருக்கும் எடை உண்டு.

இந்த வழியில் கப்பல்காரர்கள் தோற்பது சட்டத்தில் இல்லை, சாட்சியத்தில். பார்ஜ் வந்ததும் அதன் டேங்குகளிலும் பேஸ்ட் வைத்து அளக்க வேண்டும். பங்கர் ஏறும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மாதிரி எடுத்து, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு சீல் வைக்க வேண்டும். மார்போல் (கடல் மாசுத் தடுப்பு ஒப்பந்தம்) விதிக்காக 12 மாதம் பாதுகாக்கும் பாட்டில் வேறு, வியாபாரத் தகராறுக்கு வைக்கும் பாட்டில் வேறு. முதலாவதை நீட்டி வழக்குப் பேச முடியாது. தண்ணீர் கண்டால் பார்ஜ் கிளம்புவதற்கு முன்பே எதிர்ப்புக் கடிதம் கையில் கொடுங்கள். முக்கியமாக, புதிய டீசலைப் பழையதோடு கலக்காதீர்கள். கலந்த அன்றே "உங்கள் டேங்கில் ஏற்கெனவே இருந்த தண்ணீர்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இறக்குவது சுலபமில்லை. பல துறைமுகங்களில் கப்பலிலிருந்து இறங்கும் எரிபொருளைச் சரக்காகப் பார்ப்பதா, கழிவாகப் பார்ப்பதா என்பதிலேயே இரண்டு நாள் போகும். சுங்கம், சுற்றுச்சூழல் அனுமதி, பார்ஜ் வாடகை, கப்பல் நிற்கும் வாடகை. 1 சதவீதத் தண்ணீருக்காக இதைச் செய்தால் பெரும்பாலும் நஷ்டம்தான். பியூரிஃபையரில் எடுத்துவிட்டு, எடுத்த அளவை லாக் புக்கில் நாள்வாரியாக எழுதி, அந்தத் தண்ணீரின் விலையையும் ஸ்லட்ஜ் இறக்கும் செலவையும் கேட்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். இறக்கியே ஆக வேண்டிய நிலை இரண்டு: பாட்டிலில் ஒரு நாள் வைத்தும் தெளியாத கலங்கல், அல்லது மற்ற அளவுகளும், குறிப்பாக ஃபிளாஷ் பாயின்ட், சேர்ந்து கெட்டிருப்பது. அப்போது வாடகைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நடுக்கடலுக்குக் கிளம்பாதீர்கள்.

என் கதையில் தண்ணீர் உப்பாக இருந்தது, பாட்டில் இருபது நிமிஷத்தில் தெளிந்தது, இரண்டாவது சர்வீஸ் டேங்க் நிறைய இருந்தது. வடித்தோம். பியூரிஃபையரைக் கால்வாசி வேகத்தில் செட்லிங் டேங்கிலேயே சுற்ற விட்டோம். விடியும்போது பாட்டில் பளிச்சென்று இருந்தது. மறுநாள் மேல்தளத்தில் அந்த டேங்கின் ஏர் வென்ட் மூடியைக் கழற்றினோம். அலை ஏறும்போது மேலெழும்பி வாயை அடைக்க வேண்டிய பந்து உள்ளே இரண்டாகப் பிளந்து கிடந்தது.